பேழைக்குப் பாய்மரம் இல்லை

பள்ளிக்கூட மண்டபத்து வாசலில் அன்று இருபத்திரண்டு சோடிச் செருப்புகள் கிடந்தன. அவற்றில் ஏழு சோடி எங்கள் ஊருடையவை அல்ல. அவற்றின் அடியில் ஒட்டியிருந்த மணல் சீனி போல வெள்ளையாக இருந்தது.

நான் எண்ணி முடித்து உள்ளே போனபோது நல்லதம்பிப் பூசாரியார் கப்பலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளை வேட்டி, தோளில் சிவப்புச் சால்வை. என் வயதுதான் இருக்கும். எழுபத்தெட்டு அல்லது எழுபத்தொன்பது. இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, அவற்றின்மேல் அந்த மரக்கப்பலை வைத்திருந்தோம். ஒரு மேசை சற்று ஆடியது. அதன் காலுக்குக் கீழே மடித்த கடதாசி வைத்தது நான்தான்.

முதற்சுற்றில் அவர் கப்பலைத் தொடவில்லை. இரண்டாம் சுற்றில், முகப்பில் செதுக்கியிருந்த பறவையின் கழுத்தைத் தடவினார். அந்தப் பறவை முன்னால் பார்க்காது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். மூன்றாம் சுற்றில், விளிம்பில் இருந்த துளைகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டார். ஏழு துளை. அவருடைய மகள் தங்கமலர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். அவர்களோடு வந்த மற்ற ஐந்து பேரும் அசையவில்லை.

பிறகு நல்லதம்பி கப்பலின் நடுவில் மூன்று அங்குல உயரத்தில் நின்ற கட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“பாய்மரம் எங்க?”

பள்ளி அதிபர் சுகந்தி முந்திக்கொண்டு பதில் சொன்னார். அவர் என்னிடம் கணிதம் படித்தவர். பதறினால் இன்றும் வலது காதைத் தொடுவார். “சண்டைக் காலத்திலை மண்டபக் கூரை விழுந்தது, ஐயா. அப்ப முறிஞ்சு போயிருக்கும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் சண்டையில் போனது என்று சொன்னால் அதற்குமேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நானும் தலையாட்டினேன். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம்.

பாய்மரம் அப்போது என் வலது கையில் இருந்தது.

ஒரு படமும் ஒரு கடிதமும்

எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம். எதிர்க்காற்று என்றால் இருபத்தாறு. மிஷன்காரர் கட்டிய சின்னப் பள்ளிக்கூடம் என்றால் போதும். நான் அங்கேதான் படித்தேன். பிறகு அங்கேயே முப்பத்தாறு வருடம் படிப்பித்தேன்.

(சைக்கிள் என்றதும் நினைவு வருகிறது. சென்ற வாரம் இந்தப் பத்தியில், என் வாழ்நாளில் ஆறு சைக்கிள் வைத்திருந்ததாக எழுதிவிட்டேன். ஏழு. களவு போனதைச் சேர்க்க மறந்துவிட்டேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.)

கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், பள்ளியில் கிறிஸ்து பிறந்த நாளுக்கு நடக்கும் நத்தார் கலைவிழாவின் பழைய படமொன்றை முகநூலில் போட்டார். அதில் பதினான்கு பிள்ளைகள், ஒட்டுத்தாடி வைத்த ஒரு கிழவர், நடுவில் அந்தக் கப்பல். படம் கைக்குக் கை போய் எப்படியோ கிழக்கே வாகரைப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே முன்பள்ளி ஆசிரியராக இருக்கும் தங்கமலர் அதைத் தன் தகப்பனாருக்குக் காட்டியிருக்கிறார். பின்னால் பார்க்கும் பறவை. விளிம்பில் ஏழு துளை. தகப்பனார் போனைக் கையில் வாங்கி, முற்றத்தில் இறங்கி நின்று, ஊரைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவர்களைக் கடலோர வேடர் என்று எழுதுவார்கள். கடலில் மீனும் காட்டில் தேனும் எடுக்கிற சனம். எங்களைப் போலத் தமிழ்தான் கதைக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வேர் எங்களுக்கும் சிங்களவருக்கும் முந்தியது. இந்தத் தீவின் மூத்த குடி அவர்கள். இந்த ஒரு வரியை எழுத இந்த வாத்தியாருக்கு எழுபத்தொன்பது வயது தேவைப்பட்டிருக்கிறது. வகுப்பில் நேராக நில்லாத பையனை, “வேடன் மாதிரி நிக்கிறாய்” என்று நான் திட்டியிருக்கிறேன். எத்தனை தரம் என்று தெரியாது. நான் எண்ணாமல் விட்ட சிலவற்றில் அதுவும் ஒன்று.

தங்கமலரின் கடிதம் ஒன்றரைப் பக்கம். கப்பல் தங்கள் தெய்வத்துடையது என்றும், இந்த வருடச் சடங்குக்கு முன் அதைத் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். பள்ளி அபிவிருத்திச் சங்கம் மூன்று முறை கூடியது. ஒன்பது உறுப்பினர்களில் நானும் ஒருவன்.

எங்கள் பொருளாளர் முதற்கூட்டத்திலேயே கையை உயர்த்தினார். “விக்கிரகக் காரியத்துக்கு நாங்கள் துணைபோகலாமோ?”

“நாங்கள் இவ்வளவு காலமும் அலுமாரியிலை வைச்சிருந்தது என்னவாம்?” என்றார் சுகந்தி.

மூன்றாம் கூட்டத்தில் கப்பலைக் கொடுப்பதென்று ஒன்பது கையும் உயர்ந்தன. என் கையும்தான். உயர்த்தியது இடது கை. வலது கையில் தடி இருந்தது.

அந்தச் செய்தி எங்கள் ஊரைக் கலக்கிவிட்டது. மண்டபத்துக்கு வெள்ளை அடித்தோம். வாழை கட்டுவதா, சோடனைக் கடதாசி கட்டுவதா என்று ஒரு மணித்தியாலம் வாக்குவாதம். விருந்தாளிகளின் வான் வண்டி படலையால் நுழைந்தபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் வரிசையைக் குழப்பி ஓடினார்கள். இறங்கியவர்களோ எங்களைப் போலவே சேட்டும் சேலையும் உடுத்தவர்கள். ஒருவருடைய போன் அடித்தது. பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது.

“வில்லு எங்கை, மிஸ்?” என்று ஒருத்தி தங்கமலரிடமே கேட்டாள்.

“வில்லு வீட்டில இரிக்கி, மகள். அம்பு மட்டும் கொண்டு வந்திரிக்கம்.” சிவப்புச் சீலையில் சுற்றிய கட்டொன்றைத் தங்கமலர் தூக்கிக் காட்டினார். “உங்கட வாத்தியார் எண்டா வேட்டி மட்டுமா? நாங்களும் வில்லு மட்டுமில்ல.”

முந்நூறு, ஐம்பது, முப்பது

இனிப் பாய்மரக் கதை.

எனக்கு இருபத்துநான்கு வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். நத்தார் கலைவிழாவுக்குப் பிரளய நாடகம் போட வேண்டும் என்றார் அப்போதைய தலைமை ஆசிரியர். உலகம் வெள்ளத்தில் மூழ்கியபோது ஒரு கிழவர் மிருகங்களைச் சோடி சோடியாக ஏற்றிக் காப்பாற்றிய பேழையைச் செய்யும் பொறுப்பு என்னுடையது. அந்த நேரம் ஆய்வுகூட அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்தது இந்தக் கப்பல். பொருட்பதிவேட்டில் ஒரு வரி: ‘வேடர் கப்பல் 1. அன்பளிப்பு.’

நான் அளந்தேன். நீளம் அறுபது அங்குலம், அகலம் பத்து, உயரம் ஆறு.

வேதாகமத்தில் பேழைக்கு அளவு சொல்லியிருக்கிறது. நீளம் முந்நூறு முழம், அகலம் ஐம்பது, உயரம் முப்பது. ஒரு முழத்துக்கு அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் அறுபது, பத்து, ஆறு. மூன்றும் அச்சொட்டாக வருகின்றன! நான் ஆய்வுகூடத்துக்குள் தனியே நின்று கைதட்டினேன். அந்தக் கப்பலைச் செய்தவனுக்கு இந்த முழக்கணக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கணக்குச் சரிவந்தால் எனக்கு அன்றும் இன்றும் கண் தெரியாது.

சரிவராதது ஒன்றே ஒன்று. கப்பலின் நடுவில் கறுத்த, வைரம் பாய்ந்த பாய்மரம் ஒன்று நின்றது. வேதத்தில் பேழைக்குப் பாய்மரம் இல்லை.

“பேழைக்கு ஏன் பாய்மரம்? அது போறதுக்கு இடம் எங்கை கிடந்தது, முழுக்கத் தண்ணியெல்லோ?” என்றார் தலைமை ஆசிரியரும்.

மரம் அறுக்கும் கைவாளை எடுத்தேன். பாதி வரை வாள் நேராக வந்தது. மணி அடித்துவிட்டது, எட்டாம் வகுப்பு காத்திருந்தது, அவசரப்பட்டேன். மீதிப் பாதியில் வாள் சரிந்து, வெட்டு கோணலாகிப் படிபோல விழுந்தது. கீழே மூன்று அங்குலக் கட்டை மிஞ்சியது. கையில் நாற்பத்திரண்டு அங்குலத் தடி வந்தது.

நாடகம் நன்றாக நடந்தது. விளிம்பில் இருந்த துளைகளில் ஈர்க்கில் ஒட்டிய கடதாசி மிருகங்களைக் குத்தி வைத்தோம். சோடி சோடியாக ஏற வேண்டிய மிருகங்களுக்கு ஏழு துளை. ஒட்டகச்சிவிங்கிக்குத் துணை இல்லாமல் போனது. என்னை அந்த நாளில் வருத்தியது அது ஒன்றுதான்.

தடி செய்த வேலைகள்

நான் எதையும் எறிகிற ஆள் அல்ல. தடியை வைத்துக்கொண்டேன்.

அதன் தலைப்பக்கத்தில் ஏற்கெனவே பதினொரு வெட்டுகள் இருந்தன, இடைவெளி ஒழுங்கில்லை. யாரோ அளவுகோல் செய்யப் பார்த்துத் தோற்றுவிட்டான் என்று முடிவு செய்தேன். மற்றப் பக்கத்தில் நானே கத்தியால் அங்குலம் போட்டேன். நாற்பத்தொரு கோடு. அந்தங்கள் இரண்டுக்கும் கோடு தேவையில்லை.

மிச்ச முப்பத்துநான்கு வருடமும் கரும்பலகையில் கோணங்களைத் தொட்டுக் காட்டியது அந்தத் தடிதான். இரண்டு பாம்புகளை விரட்டியது. சண்டைக் காலத்துப் பெரிய இடப்பெயர்வில், மழைக்குள், சனத்தோடு சனமாக நடந்தபோது என் கையில் இருந்தவை ஒரு பை, ஒரு தண்ணீர்க் கான், இந்தத் தடி. கிளாலிக் கரையில் படகு ஏறும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாமல் சனம் நின்றது. நான் தடியை ஊன்றிப் பார்த்து, “முப்பத்தொரு அங்குலம், இறங்கலாம்” என்றேன். என் மனைவி புஷ்பம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினாள். அது பாய்மரம் என்ற நினைவு எனக்கு அப்போது துளியும் இல்லை. கப்பலோ பள்ளி மேடைக்குக் கீழே தனியே கிடந்தது. கூரை விழுந்தும் அதற்கு ஒரு கீறல் படவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் என் முழங்கால் பழுதான பிறகு தடி ஊன்றுகோல் ஆனது. அடியில் கறுத்த றப்பர் மூடி. தலையில், உள்ளங்கைக்கு நோகாமல், பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஏழு சுற்றுச் சுற்றினேன். அந்தப் பதினொரு வெட்டும் ரியூப்புக்குள் மறைந்தன.

படத்தைப் பார்த்து, நாடகத்துக்காகப் பாய்மரத்தைக் கழற்றி வைத்திருக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, தங்கமலரின் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால் கப்பலை மட்டும்தான் கேட்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று கூட்டத்திலும் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது கறி

மத்தியானச் சாப்பாடு மண்டபத்திலேயே. விருந்தாளிகள் மச்சம் மாமிசம் சாப்பிடுவார்களா, சடங்குக்கு முன் விரதமா என்று தெரியாமல் சுகந்தி மரக்கறியாகவே ஒன்பது கறி சமைப்பித்திருந்தார். அவர்கள் கொண்டுவந்த காட்டுத் தேன் நான்கு போத்தல் மேசையில் நின்றது. பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நல்லதம்பிக்கு நேர் எதிரே இருந்தேன். தடியைக் கதிரைக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். பிறகு அது விழுந்துவிடும் என்ற பயத்தில் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“எங்கட மூத்தப்பா காலம்,” என்று தொடங்கினார் நல்லதம்பி. பாட்டனாரை அங்கே மூத்தப்பா என்பார்கள். “ஊரெல்லாம் காய்ச்சல். உங்கட பக்கத்து உபதேசியார் ஒருத்தர் மருந்தோட வந்தார். நல்ல மனிசன். ஒருத்தரையும் சாக விடல்ல. போகக்குள்ள கப்பலப் பார்த்து, ‘இத எங்கட பிள்ளைகளுக்குக் காட்டிட்டுத் தாறன், அடுத்த சடங்குக்கு முன்னம் கொண்டு வாறன்’ எண்டார். மூத்தப்பா குடுத்தார்.”

“மறுகா?” என்றேன். பின்பு என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல் அது. காலையிலிருந்து கேட்டுக் கேட்டு என் வாயிலும் ஒட்டிவிட்டது.

“மறுகா, பார்த்துக்கிட்டு இரிந்தம்.”

பதிவேட்டில் எழுதியிருந்த ‘அன்பளிப்பு’ என்ற சொல்லை நினைத்துக்கொண்டு வெறுஞ்சோற்றைப் பிசைந்தேன்.

சுகந்தி காதைத் தொட்டுக்கொண்டு கேட்டார்: “பாய்மரத்தை நாங்கள் புதுசாச் செய்விச்சுத் தரலாமோ, ஐயா? நல்ல மரமாப் பாத்து?”

நல்லதம்பி சிரித்தார். “மரம் எங்கட காட்டிலயும் இரிக்கி, மகள். தெய்வம் கடலால வாறது. பாய்மரத்தப் பிடிச்சிக்கிட்டுத்தான் கரைக்கு இறங்கும். அது சும்மா மரமில்ல. ஒவ்வொரு பூசாரி போகக்குள்ளயும் பெயரச் சொல்லி அதில ஒரு வெட்டுப் போடுவாங்க. புது மரத்தில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே.”

மடியில் கிடந்த தடியின் ரியூப்பை விரலால் தடவினேன். பதினொரு வெட்டு.

“எங்கட ஊரில எல்லாரும் பார்த்துக்கிட்டு இரிக்காங்க,” என்றார் அவர் தொடர்ந்து. “மரம் இல்லாத கப்பல இறக்கினா கிழவிகள் அழுவாங்க. தெய்வம் வந்து எதப் பிடிக்கிற? யோசிச்சிப் பார்த்தன். கப்பல் இங்கயே இரிக்கட்டும். கண்ணால கண்டது போதும்.”

தங்கமலர் தலை குனிந்துகொண்டார். அவருடைய இலையில் சோறு அப்படியே இருந்தது. அறுபது அங்குலக் கப்பலை வைப்பதற்காக வானின் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, ஏழு பேர் முன்னால் நெருக்கியடித்து வந்தவர்கள். அதே வெறும் இடத்தோடு திரும்பப் போகிறார்கள்.

புஷ்பம் ரசம் ஊற்ற வந்தாள். என் கோப்பையில் ஊற்றாமல், வாளியை என் காதுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

“இஞ்சேருங்கோ. நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?”

சைக்கிள் ரியூப்

எழுந்தேன். கதிரை பின்னால் விழுந்தது. இருபத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பூசாரியார். பாய்மரம் சண்டையிலை போகேல்லை. நான்தான் வெட்டினனான்.”

“ஏன்?”

“பேழைக்குப் பாய்மரம் இல்லை.”

ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கே விளங்காத மாதிரி இருந்தது. முந்நூறு, ஐம்பது, முப்பது என்று தொடங்கி, தலைமை ஆசிரியர், எட்டாம் வகுப்பு மணி, துணையில்லாத ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துத் தடியை மேசையில் வைத்தேன். இலைகளுக்கு நடுவில் அது மிக நீளமாகத் தெரிந்தது.

முதலில் வாய் திறந்தவர் தங்கமலர்.

“காலையில இரிந்து இதக் கையில வெச்சிக்கிட்டா இரிந்தீங்க, சேர்?”

“ஓம்.”

“அப்பா எங்க எண்டு கேக்கக்குள்ளயும்?”

“ஓம்.”

“தலையாட்டினீங்க. நான் பார்த்தன்.”

“ரெண்டு தரம்,” என்றேன்.

தங்கமலரின் கண் கலங்கியிருந்தது, கோபம்தான். ஆனால் ‘ரெண்டு தரம்’ என்றதும் அவர்களோடு வந்த கிழவர் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டார்.

நல்லதம்பி சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவினார். சால்வையில் நன்றாகத் துடைத்தார். திரும்பி வந்து, தடியை இரண்டு கையாலும் எடுத்து, ரியூப்பின் நுனியைத் தேடினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஏழாவது சுற்று கழன்றபோது, என் கைவியர்வை படாமல் இருந்த மரம் கறுத்துப் பளபளத்தது.

அவர் கண்ணை மூடினார். முதல் வெட்டில் பெருவிரலை வைத்தார்.

“வேலன்.”

அடுத்தது. “கதிரன்.”

அடுத்தது. “சின்ன வேலன்.”

விரல் ஒவ்வொன்றாக இறங்கியது. இடைவெளி ஒழுங்கில்லை என்று நான் அன்று சொன்னேனே, எப்படி ஒழுங்காக இருக்கும்? மனிதர் ஒழுங்கான இடைவெளியிலா சாகிறார்கள்? இந்தத் தடியை அவர் வாழ்நாளில் இதற்குமுன் கண்டதில்லை. தகப்பன் வாயிலிருந்து கேட்ட பெயர்கள் மட்டும்தான். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். பெயர் முந்தி முடிந்துவிட்டால்? வெட்டு முந்தி முடிந்துவிட்டால்?

“கந்தப்பன்,” என்றபோது விரல் கடைசி வெட்டில் நின்றது.

பதினொரு வெட்டு, பதினொரு பெயர்.

“சரி!” என்று கத்திவிட்டேன், கரும்பலகைக்கு முன் நிற்கிறவன் போல. முப்பத்தாறு வருடத்தில் ஒரு கணக்குக்கும் நான் அப்படிக் கத்தியதில்லை.

நல்லதம்பி கண்ணைத் திறந்து தடியை மறுபக்கம் திருப்பினார். என் நாற்பத்தொரு கோடுகளையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் ஊரோட செத்துப் போயிட்டாங்க போல இரிக்கே, மாஸ்டர்?”

“அது... அங்குலம், ஐயா.”

இந்த முறை ஏழு பேரும் சிரித்தார்கள். தங்கமலர்தான் கடைசியாகச் சிரித்தார். ஆனால் அதிக நேரம் சிரித்தார்.

கோணல்

அடியில் இருந்த றப்பர் மூடி கழற வரவில்லை. ஐந்து வருட ஊத்தை. பொருளாளர், விக்கிரகத்துக்குத் துணைபோகலாமோ என்று கேட்ட அதே மனிதர், தன் மோட்டார்சைக்கிளில் இருந்து குறடு கொண்டுவந்து முழங்காலூன்றி இழுத்தார். மூடி கழன்றதும் என் பழைய கோணல் வெட்டு வெளியே வந்தது.

கப்பலின் கட்டையில் தடியை வைத்துப் பார்த்தோம். பொருந்தவில்லை. காற்பங்கு திருப்பினோம், இல்லை. அங்குலக் கோடுகள் முகப்பைப் பார்க்கிற மாதிரித் திருப்பியபோது, படியில் படி இறங்கி, டக் என்று ஒரு சத்தம். கையை எடுத்தோம். பாய்மரம் தானாக நின்றது.

நான் நேராக வெட்டியிருந்தால் அது அப்படி நின்றிருக்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

தங்கமலர் சிவப்புச் சீலையை அவிழ்த்து அம்புகளை எடுத்தார். ஒரு துளைக்கு ஒரு அம்பு. ஏழாவது அம்பு இறங்கியதும் அவர்களோடு வந்த பெண்கள் இருவரும் குரவையிட்டார்கள். ஐந்தாம் வகுப்பு யன்னலில் தொங்கியது. புஷ்பம் ரசவாளியை இன்னும் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டு நின்றாள்.

“மறுகா மூண்டு பேர் போயிட்டாங்க,” என்றார் நல்லதம்பி. “மூத்தப்பா, பெரியப்பா, எங்கட அப்பா. வெட்டு இல்லாம இரிக்காங்க.” மடியிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். கந்தப்பனுக்குக் கீழே, பெயர் சொல்லிச் சொல்லி மூன்று வெட்டுப் போட்டார்.

“என்ரை கோடுகளை இழைச்சு எடுத்துத் தரட்டோ?” என்று கேட்டேன். “அரை மணித்தியால வேலை.”

“வேணாம், மாஸ்டர். இதுவும் நடந்ததுதானே.”

சுகந்தி பொருட்பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். என் காலத்துக்கு முந்திய கையெழுத்து: ‘வேடர் கப்பல் 1. அன்பளிப்பு.’ கடைசிச் சொல்லை வெட்டினேன். மேலே ‘இரவல்’ என்று எழுதினேன். கீழே எழுதினேன்: ‘திருப்பிக் கொடுக்கப்பட்டது. கப்பல் 1. பாய்மரம் 1.’ நல்லதம்பியும் சுகந்தியும் கையெழுத்து வைத்தார்கள்.

பாய்மரத்தைக் கழற்றிச் சிவப்புச் சீலையில் சுற்றி, கப்பலோடு வானில் ஏற்றினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்டபத்திலிருந்து படலைவரை என் நடைக்கு அறுபத்துநான்கு அடி. கையில் தடி இல்லை.

நல்லதம்பி தன் முழங்கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். இருபதாவது அடியில் அவர் என் வயதைக் கேட்டார்; சொன்னேன். அவருடையதைக் கேட்டேன்.

“ஆரு எண்ணின?” என்றார்.

பதினேழு பொருள்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் மட்டக்களப்பு பஸ் நடத்துநர் ஒருவர் என் பெயரைக் கேட்டு, பத்திரிகைத் தாளில் சுற்றிய நீளமான பொதியொன்றைத் தந்தார். உள்ளே ஒரு கைத்தடி. தோல் சீவி, நெருப்பில் வாட்டி, தேன் நிறத்தில் இருந்தது. பிடி என் உள்ளங்கைக்கு அளவெடுத்தது போல. அன்று நான் நல்லதம்பியின் முழங்கையைத்தானே பிடித்தேன், அவருக்கு என் உள்ளங்கை அளவு எப்படித் தெரிந்தது?

வீட்டுக்கு வந்ததும் அளக்க அடிமட்டத்தைத் தேடினேன்.

“உதிலையும் கோடு போடப் போறியளோ?” என்றாள் புஷ்பம்.

“இல்லையப்பா, சும்மா அளந்து பாக்கிறன்.”

முப்பத்தேழரை.

மாலையில் போன் வந்தது. “மாஸ்டர், தடி கிடைச்சிதா? சடங்குக்கு வாங்க. பாய்மரம் நிறுத்த ஆள் வேணும். அந்தக் கோணல் உங்கட கைக்குத்தான் தெரியும்.”

“எத்தனை மணிக்குப் பூசாரியார்?”

“தண்ணி வத்துற நேரம்.”

“அது எத்தனை மணி?”

“வாங்க, தெரியும்.” பிறகு சொன்னார்: “வாள மட்டும் கொண்டு வராதீங்க.” பின்னால் தங்கமலரின் சிரிப்புக் கேட்டது.

கோணல் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியாதா? அன்று தங்கமலர் போனில் எடுத்த படங்களே இருபது தேறும். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இருந்தும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

நாளை விடிய முதல் பஸ். மூன்று பஸ் மாற வேண்டும். புஷ்பமும் வருகிறாள். பொருளாளரும் வருகிறார், பார்க்க மட்டும்தானாம். பையில் இரண்டு வேட்டி, இரண்டு சேட்டு, ஒரு சால்வை, மருந்துகள் நான்கு வகை, ரோச் லைட், குடை, பிள்ளைகள் வரைந்த கப்பல் படங்கள் ஒரு கட்டு, இன்னும் ஐந்து சில்லறைச் சாமான் என்று பதினேழு பொருள்கள். இரண்டு தரம் எண்ணிவிட்டேன்.

கைவாள் பின்கொட்டிலில் ஆணியில் தொங்குகிறது. அதை மட்டும் மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.